ஒத்து ஊதுதல் இழிவா?

ஒருவனை இகழ வேண்டுமாயின், அவன் மற்றவனுக்கு ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். ‘ஜால்ரா போடுகிறான்’ என்கிறோம். ‘பின்பாட்டுப் பாடுகிறான்’ என்கிறோம். ‘தாளம் போடுகிறான்’ என்றாலும் பொருள் ஏறக்குறைய அதுவே. இந்நான்கு வசைமொழிகளும் இசையரங்கிலிருந்து புறப்பட்டவை. நான்கும் அவ்வரங்கின் முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்வரிசையில் இருப்பவரையே குறிவைக்கின்றன. பிறரோடு இசைந்து நிற்பவன் சொந்த மதி இல்லாதவன் என்ற எண்ணம் நம் பேச்சு வழக்கில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது.

அவ்வாறாயின், நம் பள்ளிகளில் பிள்ளைகளை அணிவகுப்பு வாத்தியக் குழுவிலும் சேர்ந்திசைக் குழுவிலும் நாம் ஏன் சேர்க்கிறோம்? இருபது பேர் ஒரே நேரத்தில் ஒரே அடியை அடிக்கவும், முப்பது பேர் ஒரே மூச்சில் ஒரே வரியைப் பாடவும் பழக்குகிறோமே, அஃது ஒழுக்கத்தைக் கற்பிப்பதா, அன்றி ஒத்து ஊதக் கற்பிப்பதா? இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. நாம் செய்த ஒரு பிழையிலிருந்து எழுந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

நாம் வாழும் ரேணிகுண்டா ஒரு சந்திப்பு ஊர். சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையும், கூடூரிலிருந்து வரும் பாதையும், திருப்பதிக்குப் பிரியும் பாதையும் இங்கே கூடுகின்றன. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பிழைப்பின் பொருட்டு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. சனவரித் திங்கள் பிறந்துவிட்டால், குடியரசு நாள் அணிவகுப்பிற்காகப் பள்ளித் திடல்களில் மேளமும் பியூகிளும் ஒலிக்கத் தொடங்கும். 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பதியிலோ, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1959-இல் நிறுவிய ஸ்ரீ வேங்கடேசுவரா இசை, நடனக் கல்லூரி இருக்கிறது. நாதசுரமும், தெலுங்கில் டோலு எனப்படும் தவிலும் பயிற்றும் பள்ளியும் அங்கே உண்டு. ஆகவே பியூகிள் ஊதும் மாணவனையும் நாதசுரம் பயிலும் மாணவனையும் ஒரே நாளில் காணும் வாய்ப்பு நம் ஊராருக்கு உண்டு.

முதலில் ஒத்து என்பது யாது எனக் காண்போம். ஒத்து, நாதசுரத்தைப் போன்ற தோற்றமுள்ள குழல். ஆயின், விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் இல்லை. அடிப்பகுதியில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வர். அதன்பின் அது தருவது ஒரே ஓர் ஒலி. அவ்வொலி இடையறாது நிற்க வேண்டும். ஊதுபவன் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அக்காற்று குழலுக்குள் சென்றுகொண்டிருக்கும்போதே மூக்கின் வழியாகப் புதுமூச்சை இழுத்துக்கொள்வான். கோயில் ஊர்வலம் நான்கு வீதியும் சுற்றி வரும் வரையில் அவனுக்கு ஓய்வு இல்லை. நாயனக்காரர் இராகத்தை விரிக்கும்போது தலையசைக்கும் கூட்டம் அவனை ஏறெடுத்தும் பாராது. அவன் ஒரு கணம் நிறுத்திவிட்டாலோ, நாயனக்காரரின் காலடியில் இருந்த தரை விலகியது போலாகும்.

நாதசுரம் கற்கவந்த சிறுவர் பலர், முற்காலத்தில் முதலில் ஒத்தையோ தாளத்தையோ கையில் எடுத்தவர்களே. அது வெறும் எடுபிடி வேலை அன்று. ஆண்டுக்கணக்கில் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டு பெரியவரின் வாசிப்பைக் கேட்டுக்கேட்டு, எது சுருதியோடு சேர்கிறது, எது விலகுகிறது என்பதை அச்சிறுவனின் செவி கற்றுக்கொண்டது. இன்று அவ்விடத்தில் பெரும்பாலும் சுருதிப்பெட்டியோ மின்னணுக் கருவியோ அமர்ந்துவிட்டது. கருவியால் சுருதி பிழையாமல் இருக்கிறது. ஆயின் அக்கருவி எதையும் கேட்பதில்லை, எதையும் கற்பதுமில்லை.

பள்ளி வாத்தியக் குழுவிலும் இதே நிலைதான். பியூகிளில் திறப்பும் மூடியும் இல்லை. ஊதுபவனின் உதடும் மூச்சுமே சுரத்தை மாற்ற வேண்டும். வழக்கமாக ஐந்து சுரங்களுக்குமேல் அதில் வாசிப்பதில்லை. பாஸ் டிரம் அடிப்பவனுக்குச் சுரமே இல்லை. பெருந்தாளம் தட்டுபவன் நெடுநேரம் சும்மா நின்று, எண்ணிக்கொண்டே இருந்து, உரிய இடத்தில் ஒரு முறை தட்டுகிறான். சும்மா நிற்பதும் அவன் பணியின் ஒரு பகுதியே. இவர்களுள் எவனையேனும் தனியே அழைத்து, ‘உன் பாட்டை வாசி’ என்றால், அவனிடம் பாட்டு இல்லை. பாட்டின் ஒரு துண்டே இருக்கிறது. துண்டுகள் கூடும்போதுதான் பாட்டு பிறக்கிறது.

நம் மரபிசை பெரிதும் தனியொருவரின் கற்பனையைப் போற்றுவது. ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் ஒருவரின் மனத்திலிருந்து அக்கணமே பிறப்பவை. கமகத்தின் அசைவு ஆளுக்கு ஆள் வேறுபடும். முப்பது பேர் கூடி ஒரே குரலாகப் பாடுவதற்கு இவ்விசை எளிதில் இடம் தருவதில்லை. எனினும் கூட்டிசைக்கும் நம் நாட்டில் வரலாறு உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகள் பலவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுவரம் எனப்படும் அவை ஏறக்குறைய 40 உள்ளன. கமகம் மிகாத நேரான சுரங்களால் ஆனவை ஆதலின், இன்றும் சிறுவர் குழுக்கள் அவற்றை விரும்பிப் பாடுகின்றன. பெரும் இராகங்களைக் கையாண்ட ஒரு மேதை, பிள்ளைகள் கூடிப் பாடத்தக்க எளிய மெட்டைத் தமக்குத் தாழ்வெனக் கருதவில்லை.

அண்மைக் காலத்தில் இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர் எம். பி. சீனிவாசன். 1925-இல் நம் பக்கத்துச் சித்தூரில் பிறந்தவர். தமிழ், மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, பாரதியார் பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் பல குரல் அடுக்குகளாக அமைத்துப் பாடச் செய்தார். 1988-இல் இலட்சத்தீவில் அவர் மறைந்தார். திரையிசைக் கலைஞர்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைய முன்னின்றவரும் இவரே என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பலரை ஒரு குரலாகப் பாடவைத்த அதே மனிதர், பின்வரிசையில் இருந்து வாசிப்பவரின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். இசைந்து நிற்றலும் உரிமை கேட்டலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எனினும் மறுப்பவர் கூற்றையும் நாம் செவிமடுத்தாக வேண்டும். அணிவகுப்பு வாத்தியம் படையிலிருந்து வந்தது. மனிதரை எண்ணவிடாமல் ஒரே அடியில் நடக்கச் செய்வதற்கே அது பயன்பட்டது என்பர். வெனிசுவேலா நாட்டில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசைக்குழுப் பயிற்சி தரும் பேரியக்கம் ஒன்றைத் தொடங்கினார். எல் சிஸ்தேமா என்னும் அவ்வியக்கம் உலகெங்கும் புகழ்பெற்று, பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. இசைக்குழு என்பது ஒரு நல்ல சமுதாயத்தின் சிறுவடிவம் என்பது அவர் கொள்கை. ஆயின் 2014-இல் ஜெஃப்ரி பேக்கர் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு நூல் எழுதி, அங்கே பிள்ளைகள் கற்பது தோழமையை விடக் கீழ்ப்படிதலையே என்று குற்றஞ்சாட்டினார். மேடையில் ஒருவர் கோலசைக்க நூறு பேர் வாய்திறவாது ஆடுவது எவ்வகைச் சமுதாயம் என்பது அவர் வினாவின் சாரம். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது.

நமக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் நாம் எழுத்தர் பணி பார்க்கிறோம். ‘மேற்கண்ட குறிப்பை ஏற்கலாம்’ என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிடுவது அன்றாடக் கடமை. சில நாள்களில் கோப்பை முழுதும் படித்து, கணக்கைச் சரிபார்த்து, உடன்பாடு தோன்றிய பின்னர் எழுதுகிறோம். சில நாள்களில், மேலதிகாரி முன்னரே முடிவு செய்துவிட்டார் என்பதை அறிந்து, படியாமலேயே எழுதுகிறோம். இரண்டு கையொப்பமும் பார்வைக்கு ஒன்றே. முன்னது இசைவு, பின்னதுதான் உலகம் இகழும் ஒத்து. வேறுபாடு மையில் இல்லை. படித்தோமா என்பதில் இருக்கிறது.

இசையிலும் அளவுகோல் இதுவே எனலாம். சுருதி என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் ‘கேட்கப்பட்டது’ என்பது. வள்ளுவர் கல்வியை 40-ஆம் அதிகாரத்திலும் கல்லாமையை 41-ஆம் அதிகாரத்திலும் கூறி, அடுத்து 42-ஆம் அதிகாரத்தில் கேள்வியை வைத்தார். தமிழில் கேள்வி என்ற ஒரு சொல்லே செவியால் கேட்பதற்கும் வாயால் வினவுவதற்கும் பொதுவாய் நிற்பது எத்துணைப் பொருத்தம்! தன் பக்கத்தில் இருப்பவனின் ஒலியைக் கேட்டு, அதனோடு சேர்கிறதா எனத் தன்னைத்தானே வினவி ஊதுபவன், ஒரே சுரத்தை ஊதினாலும் சொந்த மதியோடு ஊதுகிறான். கேளாமலும் வினவாமலும் ஊதுபவன், நூறு சுரம் வாசித்தாலும் ஒத்து ஊதுபவனே. கோலசைப்பவரைப் பார்ப்பதற்கு மட்டும் பழக்கப்பட்ட குழு, பேக்கர் கூறும் குற்றத்திற்கு ஆளாகும். ஒருவரையொருவர் கேட்பதற்குப் பழக்கப்பட்ட குழு ஆளாகாது.

இனி நம் பிழையைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவிற்காகத் தமிழ்ப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரைச் சேர்ந்திசைக்குப் பயிற்றும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அவர்களுள் பலர் தமிழ் எழுதப் படிக்க அறியாதவர். பாடலைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுபவர். இன்றைய தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லை ஆதலின், அவ்விடங்களில் ஒரு சுழி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அவர்களுள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஒரு நாளும் தவறாது பயிற்சிக்கு வந்தவன் அவன். சிறுவர்க்கு ழகரத்தைச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. விழாவிற்குப் பத்து நாள் இருக்கும்போது அவனுக்கு மகரக்கட்டு வந்தது. குரல் நடுவில் உடைந்து, ஒரு வரியில் மேலும் மறு வரியில் கீழுமாக ஓடிற்று. மற்ற பிள்ளைகள் சிரித்தனர், பாட்டும் குலைந்தது.

நாம் அவனைத் தனியே அழைத்து, “தம்பி, நீ வரிசையிலேயே நில். வாயை மட்டும் அசைத்தால் போதும், குரல் வேண்டாம்” என்றோம். அவன், “சரிங்க சார்” என்றான். அவனை நீக்கிவிடாமல் மேடையில் நிற்கவைத்தமைக்காக நம் நல்லுள்ளத்தை நாமே மெச்சிக்கொண்டோம். விழாவன்று பாட்டு பிழையின்றி முடிந்தது, கைதட்டலும் கிடைத்தது. இறங்கி வரும்போது அவன் தாயார் மகிழ்ச்சியோடு நம்மிடம் வந்து, “அண்ணா, இத்தனை பிள்ளைங்க பாடினாலும் எம் பையன் குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சு” என்றார். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நம்மை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவன் பயிற்சிக்கு வரவில்லை.

நாம் செய்தது தவறா? நம் பக்கம் பேசுவதற்கும் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற இருபத்தொரு பிள்ளைகள் இரண்டு திங்கள் உழைத்திருந்தனர். ஒருவன் பொருட்டு அவர்கள் உழைப்புக் கெடலாமா? கேட்க வந்தவர்க்கு நல்ல பாட்டைத் தருவது கடமை அன்றோ? உடைந்த குரலோடு பாடவிட்டு, ஊரார் முன் அவனைச் சிரிப்புக்கு இடமாக்குவது மட்டும் அருளா? இவ்வாறெல்லாம் நமக்கு நாமே வழக்காடியதுண்டு.

ஆயினும், எண்ண எண்ண, தவறு எங்கே என்பது தெளிவாயிற்று. பாட வேண்டாம் என்று சொன்னது அன்று தவறு. பாடுவதுபோல் காட்டு என்று சொன்னதே தவறு. பெருந்தாளக்காரனும் நெடுநேரம் ஒலியின்றி நிற்கிறான். ஆயின் அவன் எண்ணிக்கொண்டு நிற்கிறான், அவன் மௌனம் பாட்டின் பகுதி. நம் மாணவனின் மௌனமோ பாட்டிற்குப் புறம்பானது. அதனை மறைக்க வாயசைவு என்னும் பொய்யும் தேவைப்பட்டது. எதனை நாம் அலுவலகத்தில் படியாமல் இட்ட கையொப்பம் என்று நொந்துகொள்கிறோமோ, அதனையே பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மேடையேற்றிக் கற்பித்தோம். போதாக்குறைக்கு, அவன் தாயிடமும் அப்பொய்யை அவனே தாங்கி நிற்கும்படி விட்டோம்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. அதனை நாம் தேடவில்லை என்பதே குற்றத்தின் மறுபாதி. மகரக்கட்டு நோய் அன்று. அப்பருவத்தில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதனால், ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு தாயி கீழே இறங்குகிறது. மேலே எட்டாத குரலுக்குக் கீழே புதிதாக ஓர் இடம் கிடைக்கிறது. பாட்டு முழுதையும் பாட இயலாதவனால், ஆதார சட்சமத்தைக் கீழ்த்தாயியில் தாழ்ந்த குரலில் பிடித்துக்கொண்டிருக்க இயலும். பத்து நாளில் அதனைப் பழக்கியிருக்கலாம். வேறு சொற்களில் கூறின், அவனை ஒத்து ஊதவைத்திருக்கலாம். உண்மையான ஒத்து நம் கைக்கருகே இருந்தது; நாம் அவனுக்குக் கொடுத்ததோ போலி ஒத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எவனுக்கேனும் இரக்கத்தால் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரத்தில் நிறுத்துவதும் வாயசைக்கச் சொல்வதன் உடன்பிறப்பே. கொடுக்கும் பணி சிறிதாயினும், அது இல்லையேல் பாட்டுக் குறைபடும் என்பது உண்மையாக இருத்தல் வேண்டும். பிள்ளைகள் இதில் எளிதில் ஏமாறுவதில்லை. தம் ஒலி தேவைப்பட்டதா, பொறுத்துக்கொள்ளப்பட்டதா என்பதை அவர்கள் நம்மினும் விரைவில் அறிவர்.

ஆகவே, ஒத்து ஊதுதல் இழிவா என்னும் வினாவிற்கு நாம் கண்ட விடை இது: கேட்டு ஊதினால் இழிவன்று, கேளாமல் ஊதினால் இழிவு, ஊதுவதுபோல் நடிக்கவைத்தால், அவ்விழிவு நடிப்பவனை அன்று, நடிக்கவைத்தவனையே சேரும். பள்ளியில் வாத்தியக் குழு நடத்தும் ஆசிரியர்களும், விழாக்களில் பிள்ளைகளை மேடையேற்றும் நம்போன்ற சங்கத்தாரும், பரிசுக் கோப்பையை எண்ணுவதற்கு முன் வரிசையில் வாயசைத்துக்கொண்டு நிற்பவர் எவரேனும் உளரா என எண்ணிப் பார்த்தல் நலம்.

இப்போது நம் பிள்ளைகளின் சேர்ந்திசையில், குரல் உடையும் பருவத்தினர் மூவர் பின்வரிசையில் நின்று ஆதார சட்சமத்தைப் பிடிக்கின்றனர். ஒருவன் மூச்செடுக்கும்போது மற்ற இருவர் விடாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். அவையோர் அவர்களைக் கவனிப்பதில்லை. முதலில் அவ்விடத்தில் நிற்க வேண்டியவன் இன்று கல்லூரி மாணவன். தொடர்வண்டி நிலையத்தில் எப்போதேனும் எதிர்ப்படுவான். “வணக்கம் சார்” என்று மரியாதையோடு சொல்லிச் செல்வான். குரல் நன்றாகக் கனத்து, கீழ்த்தாயியில் இறங்கி நிற்கிறது. அதனை நாம் கேட்க நேர்வது அவ்விரு சொற்களில் மட்டுமே.